சித்த அக்கட்ட நின்னு பார்ப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசிய உரை)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லீங்க. தீர்மான நோட்டுல எழுதினதைப் படிச்சுத்தான் பழக்கம். போன வருசம் இதே கூட்டத்துல நாப்கின் தயாரிப்பு பத்தி ஒரு அக்கா பேசினாங்க. அதுக்கு முந்தின வருசம் மாடித்தோட்டம். இந்த வருசம் நம்ம செயலாளர் அக்கா என்னைக் கூப்பிட்டு, "அம்மிணி, நீ மனசைப் பாக்கறதுன்னு என்னமோ பண்றியாமா, அதைப் பத்து நிமிசம் சொல்லு"ன்னாங்க. மனசை விக்க முடியாது, பாக்கெட் போட முடியாது, அதுக்கு மதி லேபிளும் ஒட்ட முடியாது. இருந்தாலும் சொல்றேனுங்க. ஏன்னா இந்தப் பாடம் எனக்கு நம்ம குழுவுலதான் ஆரம்பிச்சுது. ஒரு தப்புல ஆரம்பிச்சுது.

மூணு வருசத்துக்கு முன்னாடி நடந்தது. அப்போ நான்தான் எங்க குழுவுக்கு ஊக்குநர். பன்னெண்டு பேர். ஆளுக்கு 25,000 வீதம் 3 லட்ச ரூபாய் வங்கிக் கடன் வாங்கியிருந்தோம். தவணை மாசம் ஆளுக்கு 1,200 ரூபாய் சொச்சம். ஒரு அக்கா மட்டும் தொடர்ந்து ரெண்டு மாசம் கட்டலை. மூணாவது மாசக் கூட்டத்துக்கு வந்தாங்க. பக்கத்துல அவங்க பொண்ணு, ஏழாவது படிக்கிற புள்ளை, பள்ளிக்கூடத்துப் பையோட நின்னுட்டிருந்துச்சு. "இந்த மாசமும் முடியலைங்க அம்மிணி"ன்னு அந்த அக்கா சொல்லி முடிக்கலை. நான் எந்திரிச்சு, "வாங்கறதுக்குத் தெரிஞ்ச கைக்குக் கட்டறதுக்குத் தெரியாதா"ன்னு கேட்டுப்போட்டேன். அத்தனை பேர் முன்னாடி.

அந்த அக்கா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை. புள்ளை கையைப் பிடிச்சுட்டு இறங்கிப் போயிட்டாங்க. நாலாம் நாள் மூணு தவணையும் சேர்த்துப் பணம் வந்துச்சு. காதுல கிடந்த தோட்டை அடகு வெச்சுக் கட்டினாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அடுத்த கூட்டத்துக்கு அவங்க வரலை. அதுக்கு அடுத்த கூட்டத்துக்கும் வரலை. பெயரை எடுத்துறச் சொல்லி ஆள் மூலமாச் சொல்லி விட்டாங்க.

தீர்மான நோட்டுல நான் எழுதினது: "நிலுவைத் தவணை வசூல் செய்யப்பட்டது." அவ்வளவுதான். கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ராத்திரி படுத்தா அந்தப் புள்ளையோட மூஞ்சிதான் கண்ணுக்குள்ள வரும். ஒரு பக்கம் "நான் சொன்னதுல என்ன தப்பு, கட்டலைன்னா கேக்கத்தான் செய்வாங்க"ன்னு மனசு வாதாடும். இன்னொரு பக்கம் வயித்துக்குள்ள என்னமோ புரளும். இப்படியே மாசக்கணக்கா ஓடுச்சு. யாரு எது சொன்னாலும் எரிஞ்சு விழுந்தேன். புள்ளைகளை அடிச்சேன். பால் பொங்கினா அடுப்பைத் திட்டினேன்.

இதைப் பார்த்துத்தான் எங்க நங்கையா, எங்க வீட்டுக்காரருக்கு அக்கா, என்னைப் பொள்ளாச்சியில மனவளக்கலை மன்றத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நமக்கு ஆழியாறு அணைக்குப் போனாலே தெரியும், மலையடிவாரத்துல அறிவுத் திருக்கோயில்னு ஒண்ணு இருக்குது. நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து அந்த வழியா எத்தனையோ தடவை பஸ்ஸுல போயிருக்கேன். குரங்கு அருவிக்குப் போகையில எட்டிப் பார்த்திருக்கேன். உள்ளே என்ன சொல்லித் தர்றாங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

அதை உண்டாக்கின வேதாத்திரி மகரிஷி பத்திக் கொஞ்சம் சொல்லணும். சென்னைக்குப் பக்கத்துல கூடுவாஞ்சேரியில 1911-ஆம் வருசம் ஆகஸ்ட் 14-ஆம் தேதி பிறந்தவர். நெசவுக் குடும்பம். சின்ன வயசுலயே தறியில உட்கார்ந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு ரொம்பக் கொஞ்சம்தான். குடும்பம், பொண்டாட்டி, தொழில், லாப நட்டம் எல்லாம் பார்த்துட்டுத்தான் இந்த வழிக்கு வந்திருக்கார். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கம் ஆரம்பிச்சார். 2006 மார்ச் 28-ல் காலமானார். அவரோட துணைவியார் லோகாம்பாள் அம்மா பிறந்த நாளான ஆகஸ்ட் 30-ஆம் தேதியை மனைவி நல வேட்பு நாள்னு மன்றங்கள்ல கொண்டாடறாங்க. புருசன் பொண்டாட்டிக்கு நன்றி சொல்றதுக்குன்னு ஒரு நாள். இதைச் சொன்னதும் சில பேர் சிரிக்கறீங்க. வீட்டுல சொல்லிப் பாருங்க, அவங்களும் சிரிப்பாங்க. ஆனா அந்த நாள்ல ஒரு பூவை நீட்டி நேருக்கு நேர் பார்க்கச் சொன்னா, பாதிப் பேருக்குக் கண்ணு கலங்கிரும்.

அங்க உடற்பயிற்சி, தியானம் எல்லாம் சொல்லித் தருவாங்க. அதெல்லாம் நேர்ல போய்க் கத்துக்க வேண்டியது. நான் இன்னிக்குச் சொல்ல வந்தது அகத்தாய்வுங்கற பகுதியை மட்டும்தான். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார்னு அஞ்சு பாடம். நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. மனசுக்கு எதுக்கு நோட்டு?

யோசிச்சுப் பார்த்தா நமக்குப் புரியாத விசயமா இதுங்க? நம்ம மாநிலத்துல 1989-ல் தருமபுரி மாவட்டத்துலதான் அரசு மூலமா இந்தக் குழுக்கள் ஆரம்பிச்சுதுன்னு பயிற்சியில சொல்லுவாங்க. நமக்குச் சொல்லித் தர்ற பஞ்ச சூத்திரம் என்ன? தவறாம கூட்டம், தவறாம சேமிப்பு, தவறாம உள்கடன், தவறாம திருப்பிக் கட்டறது, தவறாம கணக்கு எழுதறது. அஞ்சுல கடைசிதான் மத்த நாலையும் காப்பாத்துது. எழுதாத காசு எங்க போச்சுன்னே தெரியாது. மனசும் அப்படித்தான். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எத்தனை எண்ணம் வருது, எது உள்ளே வந்துச்சு, எது வெளியே போச்சுன்னு நம்மகிட்ட ஒரு கணக்கும் இல்லை.

முதல் பாடம், ஒரு எண்ணம் எதனால வருதுன்னு பார்க்கறது. மகரிஷி ஆறு காரணம் சொல்லியிருக்கார். தேவை, பழக்கம், சூழ்நிலையோட நிர்ப்பந்தம், பிறர் மனத் தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம். பசிச்சா சோத்து நினைப்பு வர்றது தேவை. நாலு மணியானா காப்பி நினைப்பு வர்றது பழக்கம். திடீர்னு ஒறம்பரை வந்து நின்னா அரிசி இருக்குதான்னு மனசு ஓடுறது சூழ்நிலை. பக்கத்து வீட்டுல பெரிய டிவி வந்ததும் நமக்கும் வேணும்னு தோணுறது பிறர் தூண்டுதல். எங்க அப்பாருக்கு இருந்த முன்கோபம் எனக்கும் இருக்குதே, அது கருவமைப்பு. எந்த ஆதாயமும் இல்லாம யாருக்காவது நல்லது செய்யணும்னு மனசுல எழுதுதே, அதைத் தெய்வீகம்னு வெச்சிருக்காங்க.

ஒரு நாள் முழுக்க வந்த எண்ணத்தை இப்படிப் பிரிச்சு எழுதச் சொன்னாங்க. எழுதினேன். எனக்கு வெட்கமாப் போச்சுங்க. பாதிக்குப் பாதி பிறர் தூண்டுதல். அவ என்ன நினைப்பா, இவ என்ன சொல்லுவான்னு ஊர்க்காரங்க எல்லாரையும் நான் தலைக்குள்ள குடி வெச்சிருந்தேன். வாடகைகூட வாங்காம.

அடுத்தது சினம். பள்ளிக்கூடத்துல திருக்குறள்ல வெகுளாமைன்னு 31-ஆவது அதிகாரம் படிச்சோம். பரிட்சைக்கு எழுதினோம், மறந்துட்டோம். இங்க வேற மாதிரி. நீங்க யார் யார் மேல கோபப்படறீங்கன்னு ஒரு பட்டியல் போடச் சொன்னாங்க. நான் போட்டேன். முதல் பேரு என் மூத்த பொண்ணு. ரெண்டாவது எங்க வீட்டுக்காரர். மூணாவது மாமியார். அப்புறம் சின்னவன். கடைசியில அந்த அக்கா. எழுதிட்டு நிமிர்ந்து பார்த்தா, பக்கத்துல இருந்த அம்மா பட்டியலும் கிட்டத்தட்ட அதேதான். யாருக்காக நாம ஆக்கிப் போடுறோமோ, யாரு நமக்குக் காய்ச்சல் வந்தா உட்கார்ந்து பார்ப்பாங்களோ, அவங்க பேருதான் பட்டியல்ல இருக்குது. நமக்கு நிசமாவே கெடுதல் பண்ணினவங்க பேரு அதுல ஒண்ணுகூட இல்லை. அவங்களைப் பார்த்தா சிரிச்சுப் பேசுறோம்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். நாம "நான் கோபம்"னு சொல்றதில்லை. "எனக்குக் கோபம் வருது"ன்னுதான் சொல்றோம். பசி வருது, தூக்கம் வருது, அழுகை வருது, பயம் வருது. நம்ம பேச்சுலயே விசயம் இருக்குது. அது வர்றது. ஒறம்பரை மாதிரி. வந்தது போகும். நாம வீட்டுக்காரங்க, எங்கேயும் போக மாட்டோம். ஆனா நாம என்ன பண்றோம்? கோபம் வாசல்ல வந்து நின்னதும் ஆசாரத்துல பாய் போட்டு, வட்டல் வெச்சு, சோறு போட்டு, "போன தீபாவளிக்கு அவ சொன்னது ஞாபகம் இருக்குதா"ன்னு பழைய கதையெல்லாம் எடுத்துப் பரிமாறுறோம். அப்புறம் அது எப்படிங்க எந்திரிச்சுப் போகும்?

அதனால கோபம் வரும்போது அதைத் துரத்தவும் வேண்டாம், உட்கார வெச்சு உபசாரம் பண்ணவும் வேண்டாம். சித்த அக்கட்ட நின்னு பார்த்தாப் போதும். "ஓ, கோபம் வந்திருக்குது. காது சூடா இருக்குது. தொண்டை வறண்டு போச்சு. கை நடுங்குது. நாக்கு நுனியில ஒரு சுடுசொல் வந்து நிக்குது." இவ்வளவுதான். பார்க்கறது ஒருத்தி, கோபம் இன்னொண்ணுன்னு பிரிஞ்சுருச்சுன்னா, அந்தச் சொல்லைச் சொல்லணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். அந்த ஒரு மூச்சு நேரம் எனக்கு அன்னிக்குக் கூட்டத்துல கிடைச்சிருந்தா, ஒரு அக்கா காதுல தோடு இருந்திருக்கும்.

இது புதுசாக் கண்டுபிடிச்சது இல்லை. 2,500 வருசத்துக்கு முன்னாடியே புத்தர் தன் சீடர்களுக்கு மூச்சைப் பார்க்கறதும் மனசைப் பார்க்கறதும் சொல்லிக் கொடுத்திருக்கார். விபாசனான்னு இன்னிக்கும் அதைச் சொல்லித் தர்றாங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஜான் கபாட்-சின்னுன்னு ஒருத்தர் 1979-ல் ஒரு மருத்துவக் கல்லூரியில, தீராத வலியோட வர்ற நோயாளிகளுக்கு ஒரு பயிற்சியா இதைக் கொண்டு வந்தார். வலியைப் போக்கறதுக்கு முன்னாடி வலியைப் பார்க்கக் கத்துக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில செய்யறதை நம்ம பொடக்காலியில பாத்திரம் விளக்கிட்டே செய்யலாம். காசு கிடையாது. ஆதார் ஜெராக்ஸ் கேட்க மாட்டாங்க.

ஆனா பார்க்கறதுன்னா சும்மா மேலாகப் பார்க்கறது இல்லீங்க. கொஞ்ச நேரம் நின்னு பார்த்தா, கோபத்துக்கு அடியில வேற ஒண்ணு இருக்கறது தெரியும். எனக்கு அது தெரிஞ்ச நாளைச் சொல்றேன்.

எங்களுக்கு ஆனைமலைப் பக்கம் கொஞ்சம் தென்னந்தோப்பு. நம்ம பகுதியில முதல்ல வெள்ளை ஈ வந்துச்சு, ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆச்சு. அப்புறம் வேர்வாடல் நோய். மரம் காய்க்கிறதை விட்டுரும், ஓலை தொங்கிப் போகும், கடைசியில வெட்டித்தான் ஆகணும். இங்க உட்கார்ந்திருக்கறவங்கள்ல எத்தனை பேர் வீட்டுல மரம் வெட்டியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் பதினாலு மரத்துக்குக் குறி போட்டுட்டு வந்தார். வந்தவர் என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. சட்டையைக் கழட்டி மாட்டிட்டு டிவியைப் போட்டு உட்கார்ந்துட்டார். எனக்கு மளார்னு கோபம் வந்துச்சு. "வீட்டுல ஒரு மனுசி இருக்கறாளே, அவகிட்டச் சொல்லணும்னு தோணுதா"ன்னு கேட்க வாயெடுத்தேன்.

அப்பத்தான் அக்கட்ட நின்னு பார்த்தேன். காது சூடு, தொண்டை வறட்சி, எல்லாம் இருந்துச்சு. ஆனா வயித்துக்குள்ள ஒரு குளிர். இது கோபம் இல்லையே, இது பயம். பதினாலு மரம் போனா பொண்ணைக் காலேஜுக்கு எப்படி அனுப்பறதுங்கற பயம். அந்தப் பயம்தான் கோபம்னு வேசம் கட்டிட்டு வந்திருக்குது. அப்புறம் அவரைப் பார்த்தேன். அவர் பார்த்துட்டிருந்தது விளம்பரம். அதையே வெறிச்சுட்டிருந்தார். அவருக்கும் அதே பயம்தான். நான் போய்ப் பக்கத்துல உட்கார்ந்து, "ஏனுங்க, எத்தனை மரமுங்க?"ன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "பதினாலு"ன்னார். அப்புறம் ராத்திரி ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசினோம். மரம் ஒண்ணும் திரும்பி முளைச்சுடலை. ஆனா அன்னிக்கு வீட்டுல சண்டை இல்லை.

அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு இன்னொண்ணும் புரிஞ்சுது. அந்த அக்கா மேல எனக்கு வந்ததும் கோபம் இல்லை. பயம்தான். தவணை தவறினா அடுத்த கடன் கிடைக்காதோ, கையெழுத்துப் போட்டவ நான், மேனேஜர் என்னைக் கேட்பாரோங்கற பயம். என் பயத்தை நான் பார்க்காததுக்கு, அவங்க புள்ளை முன்னாடி அவங்க தலை குனிய வேண்டி வந்துச்சு.

இனி கவலைக்கு வர்றேன். நம்ம ஊர்ல வெசனம்னு சொல்லுவோம். மகரிஷி கவலையை நாலாப் பிரிக்கச் சொல்றார். அனுபவிச்சே தீர்க்க வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, அலட்சியம் பண்ண வேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது. நாலு காலம் போட்டு நோட்டுல எழுதணும். நான் எழுதினதைச் சொல்றேன். மாமியாருக்கு முட்டி தேய்ஞ்சு போச்சு, அது அனுபவிக்க வேண்டியது, கூட இருந்து தைலம் தேய்ச்சு விடத்தான் முடியும். பொண்ணு கல்யாணச் செலவு, புள்ளை இப்பத்தான் பத்தாவது, அது தள்ளிப்போட வேண்டியது. "ஊக்குநர் ஆனதும் அவளுக்குத் தலைக்கனம்"னு இட்டேரியில நின்னு பேசறாங்களே, அது அலட்சியம் பண்ண வேண்டியது. வட்டிக்கு வாங்கின கைமாத்து, அது உடனே தீர்க்க வேண்டியது. இப்படிப் பிரிச்சதும் என்ன தெரிஞ்சுதுன்னா, உடனே தீர்க்க வேண்டியதை நான் தள்ளிப்போட்டுட்டு, அலட்சியம் பண்ண வேண்டியதுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் கெட்டுட்டிருந்தேன்.

இதை எங்க மாமியார்கிட்டச் சொன்னேன். அவங்க பழைய காலத்து ஆளு, எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டுட்டு, "ஏங்கண்ணு, இதுக்கா பொள்ளாச்சி வரைக்கும் பஸ் ஏறிப் போறே? எங்க காலத்துல கிணத்து மேட்டுல கவலை ஓட்டுனோமே, அந்தக் கவலையில மாடு முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தா சால் நிறையத் தண்ணி வரும், காடு நனையும். நீயும் ராத்திரியெல்லாம் முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கறே. உன்ர கவலையில ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சா?"ன்னாங்க. மன்றத்துல மூணு வகுப்புல படிச்சதை அவங்க ஒரே வார்த்தையில சொல்லிப்போட்டாங்க. இப்பவும் ராத்திரி மனசு சுத்த ஆரம்பிச்சா, "மாடு நடக்குது, சால் காலி"ன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். சிரிப்பு வந்துரும். சில நாள் தூக்கமும் வந்துரும்.

இங்க ஒரு விசயத்தை அழுத்திச் சொல்லணும். அக்கட்ட நின்னு பார்க்கறதுன்னா, எது நடந்தாலும் பொறுத்துக்கிட்டு உட்காரறதுன்னு அர்த்தம் இல்லை. பொம்பளைகளுக்குப் பொறுமை சொல்லிக் கொடுக்க ஊர்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுல அடி உதை விழுதுன்னா, மனசைப் பார்த்துட்டு உட்காரக் கூடாது. 181-க்குப் போன் பண்ணணும். 2005-லேயே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தாச்சு. கடன் வசூலுக்கு வந்தவர் வாசல்ல நின்னு அசிங்கமாப் பேசினா, அதுவும் பார்த்துட்டு நிக்க வேண்டியது இல்லை, கூட்டமைப்புக்குச் சொல்லுங்க, நாலு பேராப் போய்க் கேட்போம். நம்ம மனசு தெளிவா இருந்தா எதிர்த்துக் கேட்கறதையும் தெளிவாக் கேட்கலாம். கத்தினா நம்ம நியாயமே அந்தச் சத்தத்துல காணாமப் போயிரும்.

இன்னொண்ணு. வாரக்கணக்கா தூக்கம் இல்லை, சோறு இறங்கலை, எதுலயும் பிடிப்பு இல்லை, செத்துரலாம்னு தோணுதுன்னா, அதுக்கு இந்த நோட்டு மட்டும் போதாதுங்க. அது உடம்புக்கு வர்ற நோய் மாதிரி ஒரு நோய். டாக்டரைப் பார்க்கணும். நம்ம அரசு ஆஸ்பத்திரியில மாவட்ட மனநலத் திட்டத்துல மருத்துவர் பார்க்கறாங்க. 14416-ங்கற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் போன் பண்ணிப் பேசலாம், காசு இல்லை, தமிழ்லயே பேசலாம். இந்த நம்பரை இப்பவே உங்க பாஸ் புக் அட்டையில எழுதிக்கங்க. உங்களுக்குத் தேவைப்படாம இருக்கட்டும். உங்க குழுவுல யாருக்காவது தேவைப்படும்.

எங்க குழுவுல இப்ப ரெண்டு வழக்கம் வெச்சிருக்கோம். கூட்டம் ஆரம்பிக்கும்போது உறுதிமொழி முடிஞ்சதும் ரெண்டு நிமிசம் எல்லாரும் கண்ணை மூடி மூச்சைப் பார்க்கறது. முதல் மாசம் ஒருத்தருக்கொருத்தர் சிரிச்சோம். ஒரு அக்கா தூங்கியே போயிட்டாங்க. பாவம், அவங்க காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுப் பால் கறந்துட்டு வர்றவங்க. ரெண்டாவது, தவணை கட்டாதவங்களைக் கூட்டத்துல எழுப்பிக் கேட்கறது இல்லை. ரெண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போய், முதல்ல "என்ன கஷ்டமுங்க"ன்னு கேட்கறது, அப்புறம் பணத்தைக் கேட்கறது. தவணைக்குக் கண்டிப்பு உண்டு, அதுல மாத்தம் இல்லை. கேட்கற விதம்தான் மாறியிருக்குது.

வீட்டுல செய்யறதுக்கு ஒரு சின்ன முறை சொல்றேன். ஒரு பழைய நோட்டு எடுத்துக்கங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிசம். இன்னிக்கு என்ன வந்துச்சு, யார் மேல, உடம்புல எங்க தெரிஞ்சுது, வாயில என்ன வார்த்தை போச்சு, அடியில என்ன இருந்துச்சு. இந்த அஞ்சு கேள்விதான். எழுத வராதவங்க மனசுலயே சொல்லிப் பார்க்கலாம். உதாரணத்துக்கு என் நோட்டுல ஒரு நாள்: "செவ்வாய். கோபம். சின்னவன் மேல. கையில தெரிஞ்சுது. வார்த்தை போச்சு, அடி போகலை. அடியில இருந்தது அசதி." இன்னொரு நாள்: "வெள்ளி. பொறாமை. தங்கச்சி புது வீடு. நெஞ்சுல தெரிஞ்சுது. வார்த்தை போகலை. அடியில இருந்தது, எனக்கும் ஒரு வீடு வேணுங்கற ஆசை." எழுதும்போது உங்களை நீங்களே திட்டிக்காதீங்க. பார்க்கறவ போலீஸ் இல்லை, கணக்கு எழுதறவ. வரவுன்னா வரவு, செலவுன்னா செலவு.

இதைச் செஞ்சா கோபமே வராதான்னு கேட்டா, வருதுங்க. நேத்துக்கூட வந்துச்சு, இந்தப் பேச்சை எழுதிட்டு இருக்கும்போதே பையன் நோட்டுல தண்ணியைக் கொட்டிட்டான். முன்னெல்லாம் கத்தி முடிச்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் கோபப்பட்டேன்னு தெரியும். அப்புறம் கத்தி முடிச்சதும் தெரிஞ்சுது. இப்ப சில சமயம் கத்தறதுக்கு முன்னாடியே தெரியுது. மூணு வருசத்துல நான் நகர்ந்த தூரம் இவ்வளவுதான்.

கடைசியா அந்த அக்கா கதையை முடிக்கணும். போன தை மாசம் நான் அவங்க வீட்டுக்குப் போனேன். வாசல் வரைக்கும் போய் ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கேன். என்னமோ அடைச்சுது. நின்னு பார்த்தேன். பயம், கூடவே கௌரவம். சரி, ரெண்டும் கூட வரட்டும்னு உள்ளே போனேன். "அக்கா, அன்னிக்குப் புள்ளை முன்னாடி உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க. என்ர தப்புங்க"ன்னு சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் உள்ளே போய் ஒரு போசியில மோர் கொண்டாந்து குடுத்தாங்க. அந்த ரெண்டு மாசமும் அவங்க வீட்டுக்காரர் காயம்பட்டுப் படுக்கையில கிடந்திருக்கார், ஆஸ்பத்திரிச் செலவு. அன்னிக்கு அதைச் சொல்லத்தான் கூட்டத்துக்கு வந்திருக்காங்க. நான்தான் சொல்ல விடலை.

குழுவுக்குத் திரும்பி வாங்கன்னு கூப்பிட்டேன். "பார்க்கலாமுங்க அம்மிணி"ன்னாங்க. இன்னும் வரலை. வேற குழுவுல சேர்ந்திருக்காங்க, இந்தக் கூட்டமைப்புலதான் இருக்காங்க. இப்பவும் இந்த மண்டபத்துல உட்கார்ந்திருக்காங்க. எங்கேன்னு நான் பார்க்க மாட்டேன், நீங்களும் திரும்பிப் பார்க்காதீங்க. இதைப் பேசறதுக்கு அவங்ககிட்ட முன்கூட்டியே அனுமதி கேட்டேன். "பேரு சொல்லாம சொல்லுங்க, நாலு பேருக்கு ஆகட்டும்"னாங்க. அவங்க மனசு என்னை விடப் பெருசு. மன்றத்துக்குப் போகாமலே அவங்களுக்கு அது வந்திருக்குது.

சகோதரிகளே, வங்கிக் கடனைத் தவணையில கட்டிருவோம். வாயில போன வார்த்தைக்குத் தவணை கிடையாது. அதனால வார்த்தை வாசலைத் தாண்டறதுக்கு முன்னாடி, சித்த அக்கட்ட நின்னு பார்ப்போம்.